நெட்டையரை மடக்கிய குட்டைப் பிள்ளைகள்: கூடைப்பந்தில் ஒரு போர் யுக்தி

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும். அங்கே பல்லவர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று உண்டு. அந்தக் கோயிலுக்கு முதலாம் பரமேசுவரவர்மன் தானம் கொடுத்த விவரம் செப்பேடுகளில் இருக்கிறது.

ஏரிக்குப் பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டியது, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்கியது என்று ஊர்க் கணக்கு போகிறது. நடுவே ஒரு பெரும் போரின் வர்ணனை வருகிறது. பல லட்சம் சேனையோடு வந்த சாளுக்கிய மன்னன் விக்கிரமாதித்தன், கடைசியில் ஒரு கந்தலைப் போர்த்திக்கொண்டு ஓடினான் என்கிறது செப்பேடு!

சாளுக்கியர்களின் செப்பேடுகளோ வெற்றி தங்களுக்கே என்கின்றன. அரசர்கள் எழுதி வைக்கும் கணக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒன்று நிச்சயம். 674-ம் ஆண்டில் விக்கிரமாதித்தன் உறையூர் வரைக்கும் வந்து பாசறை அமைத்திருந்தான். தலைநகரை இழந்த பல்லவன், எதிரி தன்னைத் தேடி வரட்டும் என்று பதுங்கிக் கிடக்கவில்லை. தானே படை திரட்டிக்கொண்டு போனான். திருச்சிப் பக்கம் பெருவளநல்லூரில் எதிரியைச் சந்தித்தான்.

சிறிய படை பெரிய படையை வெல்ல வேண்டுமானால் வாசலில் காத்திருக்கக் கூடாது. எதிரி நிற்கும் இடத்துக்கே போய் அவனை நெருக்க வேண்டும். இந்த யுக்தி போர்க்களத்தோடு போய்விடவில்லை. இப்போது பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டில் அது உயிரோடு இருக்கிறது. அதுதான் கூடைப்பந்து.

பத்தடி உயரக் கூடை

கூடைப்பந்து பிறந்தது 1891-ம் ஆண்டு டிசம்பரில். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊர். வெளியே பனி கொட்டியது. பையன்கள் கூடத்துக்குள் ஆட ஏதாவது விளையாட்டு வேண்டும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், பழம் வைக்கிற கூடைகள் இரண்டை எடுத்தார். கூடத்தின் மாடிக் கைப்பிடியில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று ஆணி அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது!

பத்தடி என்றால் குட்டையாக இருப்பவனுக்குக் கஷ்டம். ஆறேகால் அடி உயரமுள்ளவன் கையைத் தூக்கினால் வளையத்துக்கும் அவனுக்கும் நடுவே கொஞ்சம்தான் இடைவெளி. ஐந்தடிப் பையன் என்ன செய்வான்? அதனால் கூடைப்பந்து என்றாலே நெட்டையர் விளையாட்டு என்று ஒரு பெயர் விழுந்துவிட்டது. உயரமான பையன் சேர்ந்த பள்ளி ஜெயிக்கும். மற்றப் பள்ளிகள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்.

வழக்கமாக ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கட்சி கூடை போட்டுவிடுகிறது. உடனே அந்த 5 பேரும் திரும்பித் தங்கள் கூடைக்கு அடியில் ஓடிப்போய் நிற்கிறார்கள். எதிர்க் கட்சிக்காரன் பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டு வருகிறான். ஒருவரும் தடுப்பதில்லை. அவன் கூடைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் சண்டை தொடங்குகிறது. அங்கே உயரமானவனுக்குத்தானே லாபம்?

மைதானத்தின் நீளம் 28 மீட்டர். கிட்டத்தட்ட 92 அடி. அதில் முக்கால் பங்கை எதிரிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, கால் பங்கைக் காவல் காக்கிறார்கள்!

அப்படிக் கொடுக்காமல், பந்து ஆட்டத்துக்குள் வருகிற இடத்திலேயே போய் எதிரியை மறிப்பதற்கு மைதானத்தில் ‘பிரஸ்’ என்று பெயர். நெருக்குவது, அமுக்குவது என்று அர்த்தம். நம் பேச்சில் ‘நெருக்குப் பிடி’ என்று சொல்லலாம்.

பம்பாய்க்காரரின் சந்தேகம்

இந்த நெருக்குப் பிடியைச் சிறு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் ஓர் இந்தியர். பெயர் விவேக் ரணதிவே. பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். 17 வயதில், பையில் 50 டாலரோடு அமெரிக்கா போனார். கம்ப்யூட்டர் தொழிலில் பெரும் பணக்காரரானார்.

கலிபோர்னியாவில் ரெட்வுட் சிட்டி என்ற ஊரில், 12 வயதுப் பெண்கள் ஆடும் கூடைப்பந்துக் குழுவில் அவருடைய மகள் இருந்தாள். அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு ரணதிவேயிடம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் ஆயுளில் கூடைப்பந்து ஆடியதே இல்லை! கிரிக்கெட்டும் கால்பந்தும்தான் தெரியும்.

அவருடைய பெண்கள் உயரம் இல்லை. குறிபார்த்துக் கூடை போடத் தெரியாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதிலும் சுமார்தான். வழக்கம்போல ஆடினால் எல்லா ஆட்டத்திலும் தோல்வி நிச்சயம்.

ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்த ரணதிவேக்கு ஒரு சந்தேகம் வந்தது. கூடை போட்டவுடனே எல்லோரும் ஏன் பின்னால் ஓடுகிறார்கள்? கால்பந்தில் அப்படி மைதானத்தை விட்டுக்கொடுப்பது இல்லையே? விஷயம் தெரிந்தவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். பழக்கம் கண்ணை மறைத்துவிடும். தெரியாதவர் என்பதால்தான் அவர் கேட்டார்.

இரண்டு தீர்மானங்கள் செய்தார். ஒன்று, பெண்களைப் பார்த்து ஒருநாளும் சத்தம் போடுவதில்லை. மற்றொன்று, ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் நிமிஷத்திலிருந்து கடைசி நிமிஷம் வரை, முழு மைதானத்திலும் நெருக்குப் பிடி.

ஐந்து விநாடி, எட்டு விநாடி

நெருக்குவதில் என்ன பலன்? கூடைப்பந்துச் சட்டத்தில் இரண்டு கடிகாரங்கள் ஒளிந்திருக்கின்றன.

கூடை விழுந்த பிறகு, பந்தைக் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிய வேண்டும். அதற்கு 5 விநாடிதான் அவகாசம். தாண்டினால் பந்து எதிர்க் கட்சிக்குப் போய்விடும். உள்ளே வந்த பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக 8 விநாடி. (முன்பு இது 10 விநாடியாக இருந்தது. உலகச் சம்மேளனம் 2000-ம் ஆண்டில் 8 ஆகக் குறைத்தது.) அதற்குள் தாண்டாவிட்டாலும் பந்து பறிபோகும்.

யாரும் மறிக்காதபோது 5 விநாடி என்பது தாராளமான நேரம். எதிரே 5 பேர் கைகளை விரித்துக்கொண்டு நின்றால்? எறிகிறவளுக்குக் கை நடுங்கும். யாரிடம் எறிவது? அங்கே ஒருத்தி மறைக்கிறாள். இங்கே இருவர் நிற்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... விசில்!

ரணதிவே இன்னொரு தந்திரமும் செய்தார். வெளியே நின்று எறிகிறவளை மறிக்க ஆள் போடவில்லை. அந்த ஆளை மிச்சம் பிடித்து, எதிர்க் கட்சியின் சிறந்த ஆட்டக்காரி மேல் இரண்டாவது காவலாக நிறுத்தினார். பந்து அவள் கைக்குப் போகவே இல்லை.

ஆட்டங்கள் 4-0, 6-0 என்று தொடங்கும். ஒரு தடவை 25-0! இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எதிரியின் கூடைக்கு அடியிலேயே பந்தைப் பறித்துவிட்டால், தூரத்திலிருந்து குறிபார்க்க வேண்டியதில்லை. கூடை தலைக்கு மேலேயே இருக்கிறது. குறிபார்க்கத் தெரியாத பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வெற்றிமேல் வெற்றி. அந்தக் குழு தேசியப் போட்டி வரைக்கும் போய்விட்டது. 2009-ல் மால்கம் கிளாட்வெல் என்ற எழுத்தாளர் இந்தக் கதையை அமெரிக்க வார இதழ் ஒன்றில் எழுதினார். பிறகு அது அவருடைய புத்தகத்திலும் வந்தது. 2013-ல் ரணதிவே, சாக்ரமண்டோ கிங்ஸ் என்ற பெரிய தொழில்முறைக் குழுவை வாங்கிய கூட்டத்துக்குத் தலைவரானார். கூடைப்பந்தே ஆடாத பம்பாய்ப் பையன்!

ஆனால் எல்லோரும் கைதட்டவில்லை. தோற்ற குழுக்களின் பயிற்சியாளர்கள் கொதித்தார்கள். இது கூடைப்பந்தே அல்ல என்றார்கள். ஒருவர் ரணதிவேயை வெளியே வரச்சொல்லிச் சண்டைக்கே கூப்பிட்டாராம். அவர்களுடைய கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பூட்டிய கதவுக்குள்ளே

நெருக்குப் பிடி ரணதிவே கண்டுபிடித்தது அல்ல. அதற்கு முன்பே அதை வளர்த்தவர்களில் ஒருவர் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பு இனத்தவர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்திடமே கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டவர். பாடம் கேட்கலாம், ஆனால் பல்கலைக்கழகக் குழுவில் ஆட முடியாது. தோல் கறுப்பு!

மெக்லெண்டன் பிறகு வட கரோலினாவில், டர்ஹாம் என்ற ஊரில், கறுப்பர் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளரானார். ஓயாமல் ஓடு, முழு மைதானத்திலும் நெருக்கு என்பது அவர் பாடம். அதே ஊரில் வெள்ளையர் பல்கலைக்கழகமான டியூக்கின் மருத்துவப் பள்ளிக்கு ஒரு பலமான குழு இருந்தது. இரு குழுவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? மோதவே முடியாது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடக்கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு.

1944-ம் ஆண்டு மார்ச் 12. ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் ஜனங்கள் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம். வெள்ளை மாணவர்கள் ரகசியமாகக் கறுப்பர் கல்லூரிக்கு வந்தார்கள். கதவைப் பூட்டினார்கள். பார்வையாளர்களுக்கு இடம் இல்லை. ஆட்டம் தொடங்கியது.

முதலில் இரு கட்சிக்கும் பயம், தடுமாற்றம். பிறகு மெக்லெண்டனின் பையன்கள் ஓடத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட வேகத்தை வந்தவர்கள் பார்த்ததே இல்லை. முடிவு 88-44. சரியாக இரண்டு பங்கு!

அதற்குப் பிறகு நடந்ததுதான் அழகு. இரு கட்சியையும் கலந்து, வெள்ளையரும் கறுப்பருமாக இரு புதிய கட்சி பிரித்து இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போனார்கள். இந்தச் செய்தி 1996 வரை வெளியுலகத்துக்குத் தெரியாது.

இருபது ஆண்டு கழித்து, 1964-ல், ஜான் உடன் என்ற பயிற்சியாளரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழு 30 ஆட்டம் ஆடி 30-லும் ஜெயித்தது. அவருடைய முதல் ஐவரில் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் ஒருவரும் இல்லை. இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்ற டியூக் குழுவில் 6 அடி 10 அங்குலத்தில் இரண்டு பேர்! உடனின் பையன்கள் முழு மைதானத்திலும் நெருக்கினார்கள். இரண்டரை நிமிஷத்துக்குள் தொடர்ச்சியாக 16 பாயிண்டுகள். ஆட்டம் 98-83-ல் முடிந்தது.

சென்னைக்கு வந்த விளையாட்டு

நம் ஊருக்கு இந்த விளையாட்டு பரவியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் படித்தவர் அவர். அவருடைய பள்ளிதான் பிறகு நந்தனத்தில் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே பயின்றவர்கள் டிரில் மாஸ்டர்களாகப் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் போனார்கள்.

பெண்களும் பின்தங்கவில்லை. தமிழ்நாட்டு வீராங்கனை அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் குழுவுக்குத் தலைவியானவர். 9 ஆசியப் போட்டிகளில் ஆடியவர். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. கூடைப்பந்து பெண்களுக்கு எதற்கு என்று கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கு இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

நெருக்குப் பிடிக்குப் பெரிய அரங்கம் வேண்டாம். விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மைதானம், இரண்டு வளையம், ஒரு பந்து, 10 பிள்ளைகள். உயரம் வாங்க முடியாத பள்ளிக்கு இது ஏற்ற ஆட்டம். ஆனால் சொல்லிக்கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கால், பிறகு கண், கடைசியில் கை

புதிதாக ஆடும் பிள்ளை என்ன செய்யும்? பந்தைக் கண்டவுடனே கையை நீட்டிப் பிடுங்கப் பாயும். எதிரி ஒதுங்கிப் போய்விடுவான். அல்லது கை அவன்மேல் பட்டு விசில் ஊதப்படும். ஒருவருக்கு 5 தவறு ஆகிவிட்டால் அவர் வெளியே போக வேண்டும். ஆட்டத்தின் ஒரு கால் பகுதியில் குழுவின் தவறு ஐந்தாகிவிட்டால், அதிலிருந்து எதிரிக்குச் சும்மா எறிய வாய்ப்பு. பிடுங்குகிற குழு தானாகவே தோற்றுவிடும்.

ஆகவே முதல் பாடத்தில் கைக்கு வேலையே இல்லை. சில பயிற்சியாளர்கள் பிள்ளைகளின் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி ஆடவிடுகிறார்கள். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும். காலைக் குறுக்கே போடக் கூடாது. பந்து வைத்திருப்பவன் இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, இருவர் இருவராகக் கோணல் மாணலாகப் போய்வர வேண்டும். ஒரு வாரத்தில் தொடை வலிக்கும். இரண்டு வாரத்தில் கால் தானாக நகரும். ஆசைகாட்டும் பாடம் இல்லைதான். ஆனால் இதைத் தாண்டி ஓடிய குழு எதுவும் உருப்படவில்லை.

இரண்டாவது பாடம், எதிரியை எங்கே விரட்டுவது என்பது. நடுவே விடக் கூடாது. ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஓரக்கோடு ஒரு காவலாள்; சம்பளம் இல்லாத காவலாள். அதைத் தாண்டினால் பந்து போய்விடும். ஓரமாகவே விரட்டிக்கொண்டு போய், நடுக்கோட்டைத் தாண்டிய உடனே மடக்க வேண்டும். ஏன் அங்கே? நடுக்கோட்டைத் தாண்டிய பந்தைத் திரும்ப அந்தப் பக்கம் கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்காது. ஒரு பக்கம் ஓரக்கோடு. பின்னால் நடுக்கோடு. மற்ற இரண்டு பக்கமும் நம் ஆட்கள் இரண்டு பேர். நாலு சுவர்!

அந்த இருவரும் நிற்கும் விதம் முக்கியம். இருவர் முழங்காலுக்கும் இடையே சந்து இருக்கக் கூடாது. கை மேலே தூக்கியிருக்க வேண்டும். பிடுங்கக் கூடாது. பந்து வைத்திருப்பவன் பயந்து, உயரமாக ஒரு பந்தை எங்கேயாவது வீசுவான். அதுதான் வேண்டியது. பந்தைப் பறிப்பது இந்த இருவர் அல்ல. தூரத்தில் நிற்கும் இன்னும் இருவர். அவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை. எறிகிறவன் கண்ணைப் பார்க்கிறார்கள். கண் போகும் திசையில் பந்து வரும். அதற்குள் அவர்கள் அங்கே போயிருப்பார்கள். ஐந்தாவது ஆள் கூடைக்கு அடியில் தனியாக நிற்பான். நாலு பேரும் ஏமாந்தால் அவன்தான் கதி.

காஞ்சிபுரத்துத் தறியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். இதற்கு 3 நாடாக்கள் ஓட வேண்டும். தறிக்காரர் ஒருவரால் முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரைக்கான நாடாவை வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் கை முந்தினாலும் மற்றவர் கை பிந்தினாலும் இழை பிசகிவிடும். மைதானத்து இருவரும் அப்படித்தான். ஒருவன் மறித்து மற்றவன் அரை விநாடி தாமதித்தால், அந்தச் சந்தில் எதிரி புகுந்து போய்விடுவான். பின்னால் இருப்பவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே நல்ல பயிற்சியாளர் 5 பேரையும் ஒரே நாளில் மைதானத்தில் இறக்குவதில்லை. முதலில் ஒருவனுக்கு ஒருவன். அடுத்து ஒருவனுக்கு எதிரே இருவர். பிறகு இருவருக்கு எதிரே மூவர். கடைசியில்தான் முழுக் குழு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே ஆடவேண்டும். ‘இடது பக்கம்!’ ‘நான் வர்றேன்!’ ‘விடாதே!’ வகுப்பறையில் பேசாதே என்று அதட்டப்பட்ட பிள்ளைகளுக்கு இங்கே பேசாவிட்டால்தான் திட்டு.

இன்னொன்று மூச்சு. நெருக்குப் பிடி ஆடுகிறவர்கள் எதிரியைவிட அதிகம் ஓட வேண்டும். ஒரு குழுவில் 12 பேரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் 12 பேரையும் மாற்றி மாற்றி இறக்கினால்தான் கட்டுப்படியாகும். ஒரு பிள்ளையும் பெஞ்சிலேயே உட்கார்ந்து போவதில்லை என்பது இதில் கிடைக்கும் உபரி லாபம். நம் ஊர் வெயிலில் நடுப்பகல் பயிற்சி ஆகவே ஆகாது. விடியற்காலையில் அல்லது வெயில் சாய்ந்த பிறகு பயிற்சி வைக்க வேண்டும். பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் கொடுக்க வேண்டும். தாகத்தை அடக்கினால் உடம்பு வலுக்கும் என்பது பழைய காலத்துத் தப்பான எண்ணம்.

எப்போது நிறுத்துவது?

இப்போது அந்தக் கோபக்காரப் பயிற்சியாளர்களின் கட்சியையும் கேட்க வேண்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு நெருக்குப் பிடி தெரியும். மற்றக் குழு அப்போதுதான் பந்தைத் தட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது. என்ன நடக்கும்? இவர்கள் பந்தைத் தொடுவதற்கு முன்பே பறிபோய்விடும். 30-0, 40-0. ஜெயித்தவர்களும் ஒன்றும் கற்கவில்லை. சும்மா கிடைத்த பந்தைக் கூடையில் போட்டார்கள். தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவார்கள். சிலர் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

வெளிநாடுகளில் பல இளைஞர் போட்டிகளில் இதற்காகவே விதி இருக்கிறது. மிகச் சிறிய வயதினர் முழு மைதானத்தில் நெருக்கக் கூடாது. சில இடங்களில் 20 பாயிண்டு முந்திவிட்டால் உடனே நெருக்குவதை நிறுத்திவிட வேண்டும். விதி இல்லாத இடத்தில் பயிற்சியாளரின் மனசாட்சிதான் விதி. 12 வயதுக்கு முன்னால் நெருக்குப் பிடியை ஆயுதமாக்காமல் இருப்பதே நல்லது. அந்த வயதில் பந்தைத் தட்டவும், எறியவும், குறிபார்க்கவும் கற்க வேண்டும். நெருக்கிப் பறிக்க மட்டும் தெரிந்த பிள்ளை, நன்றாக ஆடத் தெரிந்த குழுவைச் சந்திக்கும் நாளில் தவித்துப் போகும்.

ரணதிவேயின் பெண்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. தேசியப் போட்டியில் முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டம் எதிரியின் சொந்த மைதானத்தில். ரெபரி தொட்டதற்கெல்லாம் விசில் ஊதினார். பெண்கள்மேல் தவறுமேல் தவறு. வேறு வழியில்லாமல் ரணதிவே நெருக்குவதை நிறுத்தச் சொன்னார். எல்லாரையும் போலப் பின்னால் போய் நின்று ஆடினார்கள். தோற்றார்கள்.

நெருக்கினால் எப்படித் தப்புவது?

நெருக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நெருக்கப்படும்போது தப்பவும் தெரிய வேண்டும். ஒரு பள்ளியில் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் நெருக்க, மற்றப் பாதி தப்பிக்கப் பழக வேண்டும். மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தப்புவதில் முதல் தவறு, பந்தைத் தட்டிக்கொண்டே ஓடப் பார்ப்பது. மனிதன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பந்து அவனைவிட வேகமாகப் பறக்கும். ஆகவே எறிய வேண்டும். பந்து வரட்டும் என்று நிற்காமல், பந்தை நோக்கி இரண்டடி முன்னே வந்து வாங்க வேண்டும். ஒருவன் எப்போதும் நடுவில் நிற்க வேண்டும்; ஓரத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு அவன்தான் கதவு. இருவர் மடக்கினால் பயப்படத் தேவையில்லை. இருவர் இங்கே வந்துவிட்டால் எங்கேயோ ஒரு சிநேகிதன் காவல் இல்லாமல் நிற்கிறான் என்று அர்த்தம். அவனைக் கண்டுபிடித்தால் போதும்.

இதைப் பழக்க, அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். தப்பிக்கும் கட்சியில் 5 பேர். நெருக்கும் கட்சியில் 7 பேர்! முதல் நாள் ஒரு பந்துகூட நடுக்கோட்டைத் தாண்டாது. பிள்ளைகள் இது அநியாயம் என்று முறையிடுவார்கள். நாலைந்து நாளில் ஒன்றிரண்டு தாண்டும். மாதக் கடைசியில் பாதிக்குமேல் தாண்டும். பிறகு போட்டி நாளில் எதிரே வெறும் 5 பேர் வந்து நிற்கும்போது, மைதானம் பாதி காலியாக இருப்பதுபோல் அவர்களுக்குத் தோன்றும்.